ஓடுகிற கால்களுக்கு ஒரு கல்லூரி
(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு தங்கம் வாங்கிய கறுப்பின வீரர் யார் என்று கேட்டால், ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்று நம்மில் பாதிப் பேர் சொல்லிவிடுவோம். குவிஸ் போட்டிகளில் அடிபடும் பெயர்தானே! நான் இங்கே எழுத வந்தது அந்த நாலு தங்கத்தைப் பற்றி மட்டும் அல்ல. அதற்கு மூன்று வருடம் முன்னால், பத்தொன்பது வயதில், அவர் முன்னே இருந்த ஒரு கேள்வியைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் நல்லா ஓடுகிற பையனை நாலா பக்கமும் கல்லூரிகள் கூப்பிடுகின்றன, எதில் சேருவது? யார் பேச்சை நம்புவது? இதுதான் அந்தக் கேள்வி.

நம்ம பாலிடெக்னிக்குகளிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவர்கள் உண்டு. டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகும்போது விளையாட்டுச் சான்றிதழ்களைக் கட்டி எடுத்துப் போகிறவர்களும் உண்டு. அதனால் இது நமக்கு அந்நியமான கதை இல்லை. இன்னொரு விஷயம்: ஓவன்ஸ் படித்ததும் ஒரு டெக்னிகல் ஸ்கூலில்தான்!

பருத்திக்காட்டுப் பையன்

1913 செப்டம்பர் 12-ஆம் தேதி, அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் ஓக்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். பத்துக் குழந்தைகளில் கடைக்குட்டி. பெற்றோர் வைத்த பெயர் ஜேம்ஸ் கிளீவ்லாண்ட் ஓவன்ஸ். அப்பா ஹென்றி அடுத்தவன் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர். தாத்தா காலத்தில் அடிமை முறை இருந்த மண் அது. சின்ன வயதில் பையனுக்கு நெஞ்சு சளி ஓயாது. இவன் பிழைப்பானா என்று வீட்டில் பயந்த நாட்களும் உண்டு.

அவனுக்கு ஒன்பது வயது ஆனபோது குடும்பம் வடக்கே ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் நகரத்துக்கு மூட்டை கட்டியது. தெற்கின் கொடுமையிலிருந்து தப்பி, வடக்கின் ஆலைகளில் வேலை தேடிப் போன லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் அதுவும் ஒன்று. புதுப் பள்ளியில் டீச்சர் பெயர் கேட்டார். ஜே.சி. என்று பையன் தெற்கத்திப் பேச்சு வாடையோடு சொன்னது அவர் காதில் ஜெஸ்ஸி என்று விழுந்தது. ரிஜிஸ்டரில் எழுதியாகிவிட்டது. அப்புறம் சாகும்வரை ஜெஸ்ஸிதான்!

ஃபேர்மவுண்ட் நடுநிலைப் பள்ளியில் சார்லஸ் ரைலி என்ற வெள்ளைக்கார கோச் இருந்தார். பையன் ஓடுகிற அழகைப் பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரச் சொன்னார். மாலையில் எங்கே வருவது? பள்ளி விட்டதும் மளிகைச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கணும், சரக்கு வண்டியில் மூட்டை ஏற்றணும், செருப்பு தைக்கும் கடையில் நிற்கணும். வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் கஷ்டம். இன்னொரு கோச்சாக இருந்தால் சரி, உனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று போயிருப்பார். ரைலி என்ன செய்தார் தெரியுமா? பள்ளி தொடங்கும் முன்பே தினமும் காலையில் வந்து இந்த ஒரு பையனுக்காக நின்றார். 1928-இல் அந்தப் பையன் உயரத் தாண்டலில் 6 அடியும், நீளத் தாண்டலில் ஏறக்குறைய 23 அடியும் தாண்டி, நடுநிலைப் பள்ளி மாணவர் அளவில் சாதனை செய்தான்.

டெக்னிகல் ஸ்கூலில்

அடுத்துச் சேர்ந்த இடம் ஈஸ்ட் டெக்னிகல் உயர்நிலைப் பள்ளி. தொழிற்கல்வி கொடுக்கும் பள்ளி அது. ஆலைக்கும் பட்டறைக்கும் ஆள் தயார் செய்யும் இடம். ரைலி அங்கேயும் வந்து பயிற்சி கொடுத்தார். மாநிலப் போட்டிகளில் மூன்று வருடம் தொடர்ந்து வெற்றி. 1932-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கான தேர்வில் ஓடி, அமெரிக்க அணியில் இடம் பிடிக்க முடியாமல் திரும்பியதும் இந்தப் பள்ளிக் காலத்தில்தான். அதே வருடம் அவருக்கும் ரூத் என்ற பெண்ணுக்கும் முதல் மகள் பிறந்தாள். ஆக, பள்ளிப் படிப்பு முடியும் முன்பே ஒரு குழந்தைக்குத் தகப்பன்!

1933 ஜூனில் சிகாகோவில் தேசியப் பள்ளி மாணவர் போட்டி. அங்கே 100 கெஜ ஓட்டத்தை 9.4 விநாடியில் முடித்தார். அன்றைய உலக சாதனையும் அதே 9.4 விநாடிதான்! பள்ளிக்கூடப் பையன் உலகத்தின் வேகமான மனிதர்களுக்குச் சமமாக வந்து நின்றுவிட்டான். 220 கெஜத்தில் 20.7 விநாடி, நீளத் தாண்டலில் ஏறத்தாழ 25 அடி. ஊர் திரும்பியதும் கிளீவ்லாண்ட் நகரமே ஊர்வலம் விட்டு வரவேற்றது.

அதோடு தொடங்கியது தலைவலி. அமெரிக்காவில் பல டஜன் கல்லூரிகள் இந்தப் பையன் எங்களுக்குத்தான் என்று போட்டி போட்டன.

கல்லூரிகள் என்ன கொடுத்தன?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கணும் நண்பர்களே. இவ்வளவு பேர் கூப்பிட்டார்களே, ஃபீஸ், சாப்பாடு எல்லாம் இலவசமாகத்தானே இருந்திருக்கும் என்று நாம் நினைப்போம். கிடையாது! விளையாட்டுக்காக மட்டும் ஸ்காலர்ஷிப் கொடுக்க, ஓஹையோ ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்கள் சேர்ந்திருந்த பிக் டென் கூட்டமைப்பின் விதிகள் அப்போது இடம் தரவில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. முழு ஸ்காலர்ஷிப்பை வெளிப்படையாக அனுமதித்தது 1956-இல்தான். அதற்கு முன்னால் கல்லூரிகள் கையாண்ட வழி வேலை வாங்கிக் கொடுப்பது. படி, ஓடு, மிச்ச நேரத்தில் வேலை பார், அந்தச் சம்பளத்தில் ஃபீஸ் கட்டிக்கொள் என்பதுதான் ஏற்பாடு.

அது 1933. பெரும் பொருளாதார மந்தத்தில் அமெரிக்க ஆலைகள் மூடிக் கிடந்த காலம். அந்த நேரத்தில் ஒரு வேலை என்பதே பெரிய வாக்குறுதி. மகன் கல்லூரிக்குப் போய்விட்டால் குடும்பத்துக்கு ஒரு சம்பாத்தியம் குறையும். அப்பாவுக்கு ஒரு வேலைக்கு வழி செய்த பிறகே ஓவன்ஸ் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

கறுப்பினப் பத்திரிகை உலகில் இதற்குக் கடுமையான எதிர்ப்பு கிளம்பியது. கறுப்பின மாணவர்களைச் சரியாக நடத்தாத இடம் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கெட்ட பெயர் இருந்தது. நாட்டிலேயே பெயர் பெற்ற கறுப்பின வீரர் அங்கே போனால் அந்த அநீதிக்குச் சான்றிதழ் கொடுத்தது போல ஆகுமே என்று அவர்கள் வருத்தப்பட்டார்கள். நியாயமான வருத்தம்தான். ஆனால் வீட்டில் அடுப்பு எரியணுமே! பத்தொன்பது வயதுப் பையன் கொள்கையைப் பார்ப்பானா, அப்பாவின் வேலையைப் பார்ப்பானா? நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தேன். அவர் செய்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினவர்கள் சொன்னது பொய் என்றும் சொல்ல முடியாது. அடுத்து நடந்தவை அதைக் காட்டும்.

லிஃப்டும் லைப்ரரியும்

கல்லூரி ஹாஸ்டலில் அவருக்கு இடமில்லை. நிறம் கறுப்பு. மற்ற கறுப்பின வீரர்களோடு வெளியே அறை எடுத்துத் தங்கினார். அணி வெளியூர் போனால் வெள்ளை மாணவர்கள் ஒரு ஹோட்டலில், இவர்கள் வேறு இடத்தில். பல ஓட்டல்களில் உள்ளே உட்கார்ந்து சாப்பிட விடமாட்டார்கள்; பொட்டலம் வாங்கி வண்டியில் சாப்பிடவேண்டும். மைதானத்தில் இவர்கள் வாங்கிக் கொடுத்த பாயிண்டுகளை மட்டும் கல்லூரிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்! கழுத்தில் மாலை, வயிற்றில் ஈரத்துணி என்பது இதுதான்.

வேலை? மாநிலச் சட்டசபைக் கட்டடத்தில் இரவு நேர லிஃப்ட் ஆபரேட்டர். அதுபோக ஓட்டல் சர்வர், பெட்ரோல் பங்க், கல்லூரி லைப்ரரியில் புத்தகம் அடுக்குவது என்று கிடைத்ததெல்லாம் பார்த்தார். பகலில் வகுப்பு, மாலையில் பயிற்சி, ராத்திரி வேலை. தூங்குவது எப்போது, படிப்பது எப்போது? மார்க் சரிந்தது. 1936 தொடக்கத்தில் மார்க் போதாமல் உள்ளரங்கப் போட்டிகளில் கல்லூரிக்காக ஓடும் தகுதியையே இழந்தார். உலக சாதனை வீரருக்கும் அரியர் என்றால் அரியர்தான்!

அதற்கு முந்தைய கோடையில் இன்னொரு சிக்கல். சட்டசபையில் ஏவலர் வேலை என்று ஒரு பதவி கொடுத்திருந்தார்கள். அவர் வெளியூரில் போட்டிகளில் ஓடிக்கொண்டிருந்த நாட்களுக்கும் அதற்குச் சம்பளம் வந்திருந்தது. விளையாட்டுக்குக் காசு வாங்கினால் அமெச்சூர் தகுதி போய்விடும். விசாரணை வந்தது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டித் தப்பினார். கவனியுங்கள்: வேலையைக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். விசாரணைக்கு நின்றது மாணவன்!

ஆனாலும் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. லாரி ஸ்னைடர் என்ற கோச். ஓட்டம் தொடங்கும் விதத்தையும் தாண்டும் முறையையும் அவர் பொறுமையாகத் திருத்தினார். முதலாண்டு மாணவர்களைக் கல்லூரி முதல் அணியில் சேர்க்கக்கூடாது என்பது அக்கால விதி. ஆகவே 1935 வரை காத்திருந்துதான் ஓவன்ஸ் கல்லூரிக்காக ஓட ஆரம்பித்தார்.

நாற்பத்தைந்து நிமிடம்

1935 மே 25. மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பர் நகரில் பிக் டென் போட்டி. சில நாள் முன்னால் கீழே விழுந்து முதுகில் அடி. குனியக்கூட முடியவில்லை. ஓடலாமா வேண்டாமா என்று கோச்சே தயங்கினார். மாலை 3.15-க்கு 100 கெஜம்: 9.4 விநாடி, உலக சாதனை சமன். அடுத்து நீளத் தாண்டல், ஒரே ஒரு முறை: 26 அடி 8¼ அங்குலம், அதாவது 8.13 மீட்டர், உலக சாதனை. அடுத்து 220 கெஜம்: 20.3 விநாடி, உலக சாதனை. மாலை 4 மணிக்கு 220 கெஜத் தடை ஓட்டம்: 22.6 விநாடி, அதுவும் உலக சாதனை. எல்லாம் முக்கால் மணி நேரத்துக்குள்! நமக்கு ஒரு தியரி பீரியட் முடிவதற்குள் உலகப் புத்தகத்தில் நாலு வரியை மாற்றி எழுதிவிட்டார். அந்த நீளத் தாண்டல் சாதனையை 1960 வரை, 25 வருடம், எவராலும் முறியடிக்க முடியவில்லை.

அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் சேர்த்து தேசியக் கல்லூரிப் போட்டிகளில் எட்டு தனிநபர் பட்டங்கள். அணியின் கேப்டனாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பல்கலைக்கழக அணி ஒன்றுக்குக் கறுப்பின மாணவர் கேப்டன் ஆனது அதுவே முதல் முறை. கேப்டன் ஆன பிறகும் ஹாஸ்டல் கதவு திறக்கவில்லை.

பெர்லினும் அதன் பின்னும்

1936 ஆகஸ்ட் 3: 100 மீட்டர், 10.3 விநாடி. 4: நீளத் தாண்டல், 8.06 மீட்டர். 5: 200 மீட்டர், 20.7 விநாடி. 9: 4x100 தொடர் ஓட்டம், 39.8 விநாடி, உலக சாதனை. நாலும் தங்கம். ஆரிய இனமே உயர்ந்தது என்று மார்தட்டிய நாஜிகளின் தலைநகரில் இது நடந்தது. நீளத் தாண்டலில் இரண்டாவதாக வந்த ஜெர்மானியர் லுட்ஸ் லாங், எல்லோரும் பார்க்க ஓவன்ஸின் கையைக் கோத்துக்கொண்டு மைதானத்தில் நடந்தார். அதே பெர்லினில் ஆகஸ்ட் 15 அன்று நம்ம தியான்சந்த் தலைமையில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்றதையும் இங்கே நினைத்துக்கொள்வோம்.

ஹிட்லர் கைகொடுக்க மறுத்தார் என்று ஒரு கதை உண்டு. ஜெயித்த எல்லாருக்கும் கைகொடு, இல்லாவிட்டால் ஒருவருக்கும் வேண்டாம் என்று ஒலிம்பிக் கமிட்டி முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டது. அப்புறம் அவர் மைதானத்தில் எவருக்கும் கைகொடுக்கவில்லை. ஓவன்ஸுக்கு வலித்தது வேறு. சொந்த நாட்டு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு தந்திகூட அனுப்பவில்லை. நியூயார்க்கில் அவரைக் கௌரவிக்க வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் விருந்து. விருந்தின் நாயகன் மேலே போனது சாமான் ஏற்றும் லிஃப்டில்!

ஒலிம்பிக் முடிந்ததும் அமெச்சூர் சங்கம் அவரை ஐரோப்பாவில் ஊர் ஊராக ஓடவிட்டது. வசூல் சங்கத்துக்கு, ஓடினவருக்குப் பைசா இல்லை. உடம்பு இளைத்துப்போய், ஸ்வீடனுக்கு வரமாட்டேன் என்று ஊருக்குத் திரும்பினார். உடனே தடை. இருபத்துமூன்று வயது நிறையும் முன்பே ஓட்ட வாழ்க்கை முடிந்தது. இத்தனை ஆயிரம் டாலர் தருகிறேன் என்று தந்தி அடித்தவர்களில் பெரும்பாலோர் நேரில் போனபோது கையை விரித்தார்கள். அந்த டிசம்பரில் கியூபாவின் ஹவானாவில் பந்தயக் குதிரையோடு ஓடி ஜெயித்தார், காசுக்காக. தொடங்கிய சலவை நிறுவனம் 1939-இல் திவால்.

1940-இல், மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் இருக்க, விட்ட படிப்பை முடிக்க மறுபடியும் ஓஹையோ ஸ்டேட்டுக்கே வந்தார். எனக்கு இந்த வரலாற்றிலேயே மனசைத் தொடுகிற இடம் இதுதான். இந்தத் தடவை எந்தக் கல்லூரியும் வலைவீசிக் கூப்பிடவில்லை. அவராகவே போய் நின்றார். மார்க் தேறவில்லை. 1941 கடைசியில் பட்டம் இல்லாமலே வெளியேறினார்.

பிற்காலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. பேச்சாளராகவும், மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்தியும் நல்ல நிலைக்கு வந்தார். 1955-இல் அமெரிக்க அரசின் நல்லெண்ணத் தூதராக இந்தியாவுக்கும் வந்து இளைஞர்களைச் சந்தித்தார். 1960-இல் அவர் மகள்களில் ஒருவரை அதே ஓஹையோ ஸ்டேட் மாணவர்கள் தங்கள் கல்லூரி விழாவின் ராணியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெருமை பெற்ற முதல் கறுப்பின மாணவி அவர். அப்பாவுக்கு ஹாஸ்டலில் இடம் தராத கல்லூரி! 1972-இல் அந்தப் பல்கலைக்கழகம் ஓவன்ஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. சேர்ந்து 39 வருடம் கழித்து. 1976-இல் ஜனாதிபதி ஃபோர்டு நாட்டின் உயரிய குடிமக்கள் விருதைச் சூட்டினார். 1980 மார்ச் 31 அன்று நுரையீரல் புற்றுநோயால் காலமானார். பல வருடம் சிகரெட் பிடித்தவர் (நண்பர்கள் சிலர் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்!).

நமக்கு என்ன?

இன்று அமெரிக்காவில் நிலைமை மாறியிருக்கிறது. முழு ஸ்காலர்ஷிப் உண்டு. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கவும் அனுமதி உண்டு. ஓவன்ஸை விசாரணைக்கு நிறுத்திய விதி போயே போய்விட்டது. பள்ளியிலேயே 16 முக்கியப் பாடங்களை முடித்து, 4-க்கு 2.3 சராசரியாவது வைத்திருந்தால்தான் முதல் பிரிவுக் கல்லூரிக்காக ஆட முடியும். அதாவது கால் மட்டும் போதாது, மார்க்கும் வேணும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் மாறவில்லை. உங்கள் தம்பியோ தங்கையோ மாவட்ட அளவில், மாநில அளவில் ஜெயித்து, ஒரு கல்லூரி ஆள் விட்டுக் கூப்பிடுகிறது என்று வச்சுக்கங்க. போகவேண்டாம் என்று தடுக்காதீர்கள். ஓவன்ஸ் போகாமல் இருந்திருந்தால் ஸ்னைடரும் இல்லை, ஆன் ஆர்பரும் இல்லை, பெர்லினும் இல்லை. ஆனால் தலையாட்டும் முன் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்:

ஃபீஸ் சலுகை ஒரு வருடத்துக்கா, படிப்பு முடியும் வரைக்குமா? கால் ஒடிந்து ஒரு வருடம் ஆட முடியாவிட்டால் சலுகை நிற்குமா? போட்டிக்குப் போன நாட்களுக்கு அட்டெண்டன்ஸ் யார் கொடுப்பார்? விட்டுப்போன லேபை யார் செய்ய விடுவார்? தங்க எங்கே இடம்? சொன்னதெல்லாம் எழுத்தில் வருமா, வாய்ப்பேச்சா? முக்கியமாக, ஏற்கெனவே அங்கே ஆடுகிற சீனியர்களில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் படிப்பை முடித்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்பதைவிட, மைதானத்தில் போய் அந்தச் சீனியர்களிடமே கேட்பது நல்லது.

நம் கூடவே படித்துக்கொண்டு நமக்காக ஆடுகிற நண்பர்களுக்கும் நாம் ஒன்று செய்யலாம். இன்டர்-பாலிடெக்னிக் போட்டிக்குப் போய்க் கோப்பையோடு வருகிறார்கள். கை தட்டுகிறோம், போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் போன அந்த நாட்களின் நோட்ஸை ஒருவராவது எழுதி வைத்துக் கொடுத்தால் என்ன? விடுபட்ட டிராயிங் ஷீட்டை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் என்ன? ஒரு பையனுக்காகத் தினமும் காலையில் முன்னதாக வந்து நின்ற ரைலியை யாரும் சம்பளம் கொடுத்து அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஓவன்ஸுக்கு மைதானத்தில் அப்படி ஒருவர் கிடைத்தார். வகுப்பறையில் கிடைக்கவில்லை. நம்ம வகுப்பறையில் கிடைக்கட்டுமே!